ஒரே வரியில் அடங்காத உரிமையாளர்

செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறியது 2014-ல். அதே வருஷம் பட்டியலில் ஏறிய அசாமின் மொய்தாம்கள், அகோம் அரசர்களைப் புதைத்த மண்மேடுகள், 2024-ல் உலக மரபுச் சின்னம் ஆகிவிட்டன. 2021-ல் ஏறிய மராத்தியர் கோட்டைகளும் 2025 ஜூலை 11-ஆம் தேதி ஆகிவிட்டன. அந்தப் பன்னிரண்டு கோட்டைகளில் நம் செஞ்சியும் ஒன்று. நாங்கள் மட்டும் இன்னும் வரிசையில் நிற்கிறோம்.

'நாங்கள்' என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் பாத்தியதை உண்டு. காரைக்குடிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் எங்கள் பெரிய வீட்டில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது. பங்கு என்றால் ஓர் இரட்டை அறை, வளவில், அதாவது நடு முற்றத்தைச் சுற்றிய பொதுவிடத்தில், விசேஷம் வைத்துக்கொள்ளும் உரிமை, ஒழுகுகிற கூரையில் என் விகிதம்.

செஞ்சிச் செய்தி பேப்பரில் வந்த நாளிலிருந்து பங்காளிகள் யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்: "நமக்கு எப்பப்பா அறிவிப்பாங்க?" யுனெஸ்கோ என்பது ஏதோ ஓர் ஆபீஸ், மனுப் போட்டால் ஆள் வந்து பார்த்துவிட்டு ஒரு போர்டு மாட்டிவிட்டுப் போவார்கள் என்பது பலருடைய எண்ணம். நான் தணிக்கை வேலையில் காலம் தள்ளியவன். விதிமுறைப் புத்தகம் கையில் கிடைத்தால் அடிக்குறிப்பு உட்பட வாசித்து முடிக்காமல் தூக்கம் வராது. அப்படி வாசித்ததில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதி வைத்துவிட்டால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போனில் சொல்லும் வேலை மிச்சம்.

உத்தேசப் பட்டியல் என்பது பரிசீலனையே ஆகாதது. ஒரு நாட்டின் அரசு, 'இவற்றையெல்லாம் பின்னால் பரிந்துரைக்கலாம் என்று இருக்கிறோம்' என்று பாரிஸுக்கு எழுதி அனுப்பும் பெயர் வரிசை, அவ்வளவுதான். அதில் பெயர் இருப்பது ஒரு தகுதி இல்லை, ஆனால் இல்லாமல் அடுத்த படிக்குப் போக முடியாது. குறைந்தது ஒரு வருஷமாவது அதில் இருந்தால்தான் முழு விண்ணப்பம் போடலாம். அந்த விண்ணப்பம் பிப்ரவரி 1-ஆம் தேதிக்குள் போய்ச் சேரவேண்டும். கலாசார இடம் என்றால் இகோமோஸ், இயற்கை இடம் என்றால் ஐயூசிஎன் என்ற சர்வதேச அமைப்பு நிபுணர்களை அனுப்பிப் பார்க்கும். கடைசியில் 21 நாடுகள் கொண்ட குழு கூடி முடிவெடுக்கும். பத்து அளவுகோல்களில் ஒன்றிலாவது தேறவேண்டும். முதல் ஆறு கலாசாரத்துக்கு, மீதி நான்கு இயற்கைக்கு.

இங்கேதான் எங்கள் ஆட்களுக்குப் பிடிக்காத விதி வருகிறது. ஒரு நாடு ஒரு வருஷத்துக்கு ஒரே ஓர் இடத்தைத்தான் முன்வைக்கலாம். 2025 செப்டம்பரில் ஏழு இயற்கை இடங்களைச் சேர்த்தபோது இந்தியாவின் உத்தேசப் பட்டியல் 69 ஆனது. வருஷத்துக்கு ஒன்று, அதுவும் போட்டதெல்லாம் தேறினால், இருப்பவற்றை முடிக்கவே 69 வருஷம். அதற்குள் புதிதாக எத்தனை சேருமோ! சீனியாரிட்டியும் கிடையாது. கொச்சி மட்டாஞ்சேரி அரண்மனையும் வங்காளத்து விஷ்ணுபூர் கோயில்களும் 1998 முதல் பட்டியலில் இருக்கின்றன. நம் மாநிலத்திலேயே ஸ்ரீரங்கம் கோயில் எங்களோடு 2014-ல் ஏறியது, காஞ்சிபுரத்துக் கோயில்கள் 2021-ல். அரங்கநாதரே காத்திருக்கும்போது எங்கள் வீட்டுத் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லுக்கு என்ன அவசரம் என்று கேட்டால் பதில் இல்லைதான்.

அந்த ஏழு இயற்கை இடங்களைப் பற்றி ஒரு வார்த்தை. வர்க்கலை கடற்பாறைகள் அதில் இருக்கின்றன. விசாகப்பட்டினத்துச் செம்மண் மேடுகள் இருக்கின்றன. திருமலையும் இருக்கிறது, ஆனால் பெருமாளுக்காக அல்ல, பாறைகளுக்காக. தமிழ்நாட்டிலிருந்து ஒன்றுகூட இல்லை. தேரிக்காட்டுச் செம்மணலும், அரியலூர்ப் பக்கம் கடற்சிப்பி கல்லாகிக் கிடக்கும் காரை ஓடைக் காடும், திருவக்கரையின் கல்மரங்களும் எந்த விதத்தில் குறைச்சல் என்று எனக்குப் புரியவில்லை. காட்டுக்கும் பாறைக்கும் வழக்குப் பேச ஆள் வேண்டும். நம்மிடம் கோயிலுக்குத்தான் ஆள் இருக்கிறார்கள்.

சரி, செஞ்சி எப்படி முந்திக்கொண்டது? 2021-ல் உத்தேசப் பட்டியலில் போட்ட தலைப்பே 'மகாராஷ்டிரத்தில் உள்ள மராத்தியர் ராணுவக் கட்டடக் கலை' என்பதுதான். அதில் செஞ்சிக்கு எங்கே இடம்? பிறகுதான் தலைப்பை விரித்து, பதினோரு மகாராஷ்டிரக் கோட்டைகளோடு நம்முடையதையும் சேர்த்துக்கொண்டார்கள். சிவாஜி செஞ்சியைப் பிடித்தது 1677. அவர் மகன் ராஜாராம் அங்கே தஞ்சம் புகுந்து, முகலாயப் படை வருஷக்கணக்கில் முற்றுகையிட்டு, கடைசியில் 1698-ல் கோட்டை கைமாறியது. ஆக மராத்தியர் கையில் இருந்தது ஏறத்தாழ 21 வருஷம். அதற்கு முன்னால் கோனார்கள், நாயக்கர்கள், பீஜப்பூர்க்காரர்கள். பின்னால் முகலாயர், 1714-ல் செத்து நாட்டுப் பாட்டில் இன்னும் சாகாத தேசிங்கு, ஆற்காட்டு நவாப், 1750-ல் பிரெஞ்சு, 1761-ல் ஆங்கிலேயர். இத்தனை பேரில் அந்த 21 வருஷம்தான் டிக்கெட் வாங்கிக் கொடுத்தது.

இதில் கோபப்படுகிற நண்பர்கள் உண்டு. எனக்குக் கோபம் இல்லை. பல இடங்களைக் கோத்து ஒரே கதையாகச் சொல்லும் விண்ணப்பத்துக்கு ஒரு வருஷத்து வாய்ப்புதான் செலவாகும், அந்த வழியில் நுழைந்தது சாமர்த்தியம். பெரிய கோயில் 1987-ல் தனியாக ஏறி, 2004-ல் கங்கைகொண்ட சோழபுரத்தையும் தாராசுரத்தையும் கூடச் சேர்த்துக்கொண்டது. ஊட்டி ரயில் 2005-ல் டார்ஜீலிங் ரயிலின் பின்னால் தொற்றிக்கொண்டு வந்ததுதான். மேற்குத் தொடர்ச்சி மலை 2012-ல் 39 துண்டுகளாக ஏறியது. தனியாகப் போனால்தான் கௌரவம் என்று பார்த்தால் கிழவனாகிவிடுவோம்.

அறிவிப்பு வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை செஞ்சிக்குப் போய்ப் பார்த்தேன். ராஜகிரி ஏற முழங்கால் இடம் கொடுக்கவில்லை. அடிவாரத்தில் கல்யாண மகாலையும் களஞ்சியங்களையும் சுற்றி வந்தேன். களஞ்சியத்தின் வளைகூரைக்கு அடியில் நின்று ஒரு சத்தம் கொடுத்தால் அது சுவரெல்லாம் சுற்றிவிட்டுத்தான் திரும்பி வருகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அந்த வேலையைச் செவ்வனே செய்துகொண்டிருந்தார்கள். குரங்குகள் ஒரு குடும்பத்தின் எலுமிச்சை சாதப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு மதில்மேல் ஏறிவிட்டன. வேங்கடரமணர் கோயிலில் ஆள் இல்லை. இங்கிருந்து பிரெஞ்சுக்காரர்கள் பெயர்த்துக் கொண்டுபோன கல்தூண்கள்தான் புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கின்றன என்று சொல்வார்கள். காலி இடத்தைப் பார்த்தபோது எனக்கு ஊர் ஞாபகம்தான் வந்தது. எங்கள் பக்கம் இன்றைக்கும் தூண்கள் லாரியில் போய்க்கொண்டிருக்கின்றன.

செஞ்சிக்கு வாய்த்த பெரிய அதிர்ஷ்டம் சிவாஜி இல்லை. அதற்கு ஒரே உரிமையாளர் இருப்பதுதான். கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. சுற்றி 100 மீட்டருக்குக் கட்டடம் கூடாது, அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்டவேண்டும் என்று மத்தியச் சட்டமே இருக்கிறது. யுனெஸ்கோ விண்ணப்பத்தில் எல்லைக்கோடு எங்கே, காப்பு வளையம் எங்கே, எந்தச் சட்டம் காக்கிறது, யார் பராமரிப்பார் என்று கேட்கும் இடத்தில் எல்லாம் எழுத ஒரு விடை இருந்தது. கையெழுத்துப் போட ஒரு கை இருந்தது.

எங்களுக்கு அந்தக் கைதான் இல்லை.

கொஞ்ச வருஷம் முன்னால் கணக்கெடுப்புக்கு என்று இரண்டு பேர் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கட்டடக் கலை படித்த பெண் ஒருத்தி, படம் எடுக்க ஒரு பையன். அந்தப் பெண் நல்ல மாதிரி. முகப்பிலிருந்து பின்கட்டு வரை ஒரு தெருவில் நுழைந்து மறு தெருவில் வெளியேறும் நீளத்தை டேப் பிடித்து அளந்தாள். நிலைப்படியில் செதுக்கியிருந்த கஜலட்சுமியைத் தொடலாமா என்று கேட்டுவிட்டுத் தொட்டாள். வளவுச் சுவரைக் கன்னத்தை ஒட்டிப் பார்த்து, "இவ்வளவு ஜில்லுனு இருக்கே சார்" என்றாள். முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் வெல்லமும் சுண்ணாம்பும் சேர்ந்த பூச்சு. பூசி நூறு வருஷம் தாண்டியும் முகம் தெரிகிற பளபளப்பு. மேலே ஓட்டுக்கூரையில் விழும் மழை நான்கு பக்கமும் சரிந்து முற்றத்துக்கு வந்து, அண்டாவில் பிடித்தது போக மீதி வடிகாலில் ஓடி ஊருணிக்குப் போய்ச் சேரும் வழியைக் காட்டினேன். உண்மையில் எங்கள் ஊர்களுக்குத் தகுதி ஏதாவது இருந்தால் அது பர்மாத் தேக்கிலும் இத்தாலிச் சலவைக்கல்லிலும் இல்லை, இந்தத் தண்ணீர்க் கணக்கில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. வறண்ட பூமியில் தெருவைக் கோடு போட்டமாதிரி அமைத்து, ஒவ்வொரு வீட்டுக் கூரையையும் ஊர்க் குளத்தோடு இணைத்தவர்கள் வட்டிக்கடைக்காரர்கள்! பார்க்க வருகிறவர்கள் தூணைப் படம் பிடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

எல்லாம் முடிந்து படிவத்தை எடுத்தாள். 'உரிமையாளர் பெயர்' என்று ஒரே ஒரு வரி.

நான் சொல்ல ஆரம்பித்தேன். கட்டியவர் என் பாட்டனாருக்குத் தகப்பனார். அவருக்கு ஆண்மக்கள் நால்வர். ஒவ்வொரு மகனுக்கும் கல்யாணம் ஆனதும் வளவை ஒட்டி ஓர் இரட்டை அறை. அவர்கள் பிள்ளைகள், அவர்களுக்குப் பிள்ளைகள். ஒருவர் மகன் இல்லாமல் சுவீகாரம் எடுத்தது, அந்தச் சுவீகாரம் பற்றிய வழக்கு, இன்னொருவர் பங்கைத் தம்பிக்கு வாய்வார்த்தையாகக் கொடுத்தது. இன்றைக்கு முப்பது புள்ளிக்கு, அதாவது குடும்பத்துக்கு, மேல். சென்னை, கோவை, சிங்கப்பூர், டெக்ஸாஸ். பட்டா இன்னும் கட்டியவர் பெயரில். அந்தப் பெண் பேனாவைப் பிடித்துக்கொண்டே கேட்டாள், கடைசியில் அந்த வரியில் என் ஒருவன் பெயரை எழுதி, பக்கத்தில் 'மற்றும் பலர்' என்று போட்டாள். தணிக்கைக்காரன் கண்ணுக்கு அது வலித்தது. ஆனால் அவள் வேறு என்னதான் செய்வாள்?

இது எங்கள் ஒரு வீட்டுக் கதை இல்லை. செட்டிநாட்டில் இன்றும் எழுபதுக்கு மேற்பட்ட ஊர்கள், ஆயிரக்கணக்கில் இப்படி வீடுகள். பெரும்பாலானவை 1850-க்கும் 1940-க்கும் நடுவில், பர்மா, மலேயா, இலங்கைப் பணத்தில் எழுந்தவை. 1930-களின் மந்தத்தில் கடனுக்கு ஈடாக இருந்த நெல்வயல்கள் கைக்கு வந்தன, கீழ்ப் பர்மாவின் நெல் நிலத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு. நிலம் வந்ததே தவிரப் பணம் வரவில்லை. 1942-ல் ஜப்பான் வந்தது, சுதந்திரத்துக்குப் பிறகு பர்மா நிலத்தை எடுத்துக்கொண்டது. வருமானம் நின்றது, வீடு மட்டும் அதே அளவில் நின்றது. ஓடு மாற்ற வருமானம் இல்லாத வீட்டுக்கு முப்பது உரிமையாளர் இருந்து என்ன, மூவாயிரம் இருந்து என்ன? எங்கள் வீட்டுப் பின்கட்டுக் கூரையை ஒருமுறை ஓடு மாற்றியது ஒரு சினிமாக் கம்பெனி கொடுத்த வாடகையில்தான். அவர்கள் படத்துக்காக முகப்புத் தூணுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்துவிட்டுப் போனதைச் சுரண்டி எடுக்க ஆன செலவு தனி.

விற்கிறவர்களைத் திட்டுவது சுலபம். நான் திட்டமாட்டேன். ஒரு வீடு பங்காளிச் சண்டையில் பூட்டியே கிடந்து, கரையான் ஏறி, முற்றத்தில் அரசமரம் முளைத்து, ஒருநாள் தேக்கை இத்தனை கன அடி என்று விலை பேசும்போது அத்தனை பேரும் உடனே ஒத்துப்போகிறார்கள். வருஷக்கணக்காக ஒன்று சேராதவர்களை ஒன்று சேர்ப்பது இடிக்கிற காண்டிராக்டர்தான். காரைக்குடி பழம்பொருள் கடைகளில் அந்த நிலைகளும் பீரோக்களும் ஜாடிகளும் வரிசையாக நிற்கும். வாங்குகிறவர் பெங்களூரிலோ சென்னை கடற்கரைச் சாலையிலோ 'செட்டிநாடு ஸ்டைல்' வீடு கட்டிக்கொள்வார். அவர் வீட்டில் நிலை பத்திரமாக இருக்கும் என்பது என்னவோ உண்மை.

தனியார் வீடு என்பதால் யுனெஸ்கோ தொடவே தொடாது என்றும் சிலர் சொல்கிறார்கள். அதுவும் சரியில்லை. அகமதாபாத் 2017-ல் ஏறியது. அங்கே போள் எனப்படும் சந்துகளில் இருக்கும் மரவேலை வீடுகளும் எங்களுடையதைப் போலத் தனியார் சொத்துதான், வாடகைக்காரர், பங்காளி, வழக்கு எல்லாம் உண்டு. ஆனால் அந்த ஊர் மாநகராட்சி 1990-களிலேயே மரபுக்கென்று தனிப் பிரிவு வைத்தது. பழைய வீட்டை இடிக்காமல் வைத்திருப்பவர் தனக்குக் கிடைத்திருக்கக்கூடிய மாடி உரிமையை வேறு இடத்தில் கட்டுகிறவருக்கு விற்றுக்கொள்ளலாம் என்று வழி செய்தார்கள். அதாவது வீட்டைக் காப்பாற்றுவதில் ஒரு காசு தெரிந்தது. எங்கள் ஊர்களில் சில பேரூராட்சி, பல ஊராட்சி, சிவகங்கை புதுக்கோட்டை என்று இரண்டு மாவட்டம். மரபுப் பிரிவு எங்கே, குப்பை அள்ளும் வண்டிக்கே இழுபறி.

இதைவிட என்னைக் குடைவது பினாங்கு. ஜார்ஜ் டவுன் 2008-ல் மலாக்காவோடு சேர்ந்து உலக மரபு நகரம் ஆனது. எங்கள் பாட்டனார்கள் கிட்டங்கி வைத்துத் தொழில் பார்த்த பினாங்கு வீதி அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. தைப்பூசத்துக்கு எங்கள் நகரத்தாரின் வெள்ளி ரதம் இன்றும் அங்கே ஓடுகிறது. ஆக, போய்ப் பெட்டியடி வைத்து உட்கார்ந்த தெரு உலகச் சொத்து, அங்கே சம்பாதித்துக் கட்டிய வீடு உத்தேசம்!

பங்காளிகளில் எதிர்க்கட்சியும் உண்டு. "ஏறிட்டா ஆணி அடிக்கக்கூட பர்மிஷன் கேக்கணுமாமே?" என்பது அவர்கள் பயம். யுனெஸ்கோ தானாக எந்தச் சட்டத்தையும் கொண்டுவருவதில்லை. நம் அரசு போடும் விதிதான் விதி. யுனெஸ்கோவுக்குக் கொடுத்த வாக்கை மீறினாலும் அவர்கள் போலீஸ் அனுப்பமாட்டார்கள். அதிகபட்சம் பெயரை எடுத்துவிடுவார்கள், ஜெர்மனியின் டிரெஸ்டன் பள்ளத்தாக்கு ஒரு பாலத்துக்காக 2009-ல் பெயரை இழந்த மாதிரி. ஹம்பியும் துங்கபத்திரையில் பாலம் கட்டப்போய் 1999-லிருந்து 2006 வரை ஆபத்துப் பட்டியலில் கிடந்தது. ஆனாலும் அந்தப் பயத்தில் பாதி நியாயம் என்றே நினைக்கிறேன். இன்றைக்கு யாரோ ஒருவர் ஓட்டை எடுத்துவிட்டுத் தகரம் போடுகிறார் என்றால் ரசனைக் குறைவால் இல்லை, நாட்டு ஓடு அடுக்கத் தெரிந்த கொத்தனார் கூலி கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. தகரம் கூடாது என்று விதி போடுகிறவர் ஓட்டுக்குப் பணமும் தரவேண்டும். தராமல் விதி மட்டும் போட்டால், விதி அமலுக்கு வருவதற்குள் வீட்டை விற்றுவிடுவார்கள். அப்படி நடக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

ஆகவே டெல்லி எப்போது எங்கள் பெயரைக் கூப்பிடும் என்று பார்த்துக்கொண்டிருப்பதை நான் விட்டுவிட்டேன். எங்கள் வீட்டு அளவில் ஒரு வேலையை எடுத்திருக்கிறேன். அவரவர் இரட்டை அறை அவரவருக்கு. முகப்பு, பட்டாலை, வளவு, கூரை, கிணறு, இவை மட்டும் ஓர் அறக்கட்டளையின் பெயரில். பொதுவிடத்தில் எதையும் பெயர்க்கவோ விற்கவோ முக்கால்வாசிப் புள்ளிகளின் சம்மதம் வேண்டும். வாடகை, படப்பிடிப்பு வருமானம் எல்லாம் முதலில் கூரைக்கு, பிறகுதான் பங்கு. அடுத்த தடவை யாராவது படிவம் கொண்டுவந்தால் அந்த ஒரு வரியில் எழுத ஒரு பெயராவது இருக்கும்.

வக்கீல் வரைவு எழுதிக் கொடுத்துவிட்டார். சென்னையில் இருப்பவர்கள் அநேகமாகச் சம்மதம். சிங்கப்பூர்த் தம்பி முத்திரைத்தாள் செலவை யார் ஏற்பது என்று கேட்டு எழுதியிருக்கிறான், அவனிடம் பேசவேண்டும். சுவீகார வழக்குக்காரர்கள் இரு தரப்பும் இதிலாவது சேர்ந்து கையெழுத்துப் போடுகிறோம் என்கிறார்கள், நம்பித்தான் ஆகவேண்டும். கோவையில் இருக்கும் எண்பது தாண்டிய ஆச்சிதான் பெரிய தடையாக இருப்பார் என்று நினைத்திருந்தேன். வரைவை முழுக்க வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "எங்க வேணும்னாலும் கையெழுத்து வாங்கிக்கப்பா. என் அறைச் சாவியை மட்டும் எவன் கேட்டாலும் தரமாட்டேன்" என்றார். அதற்கென்று ஒரு ஷரத்துச் சேர்க்க வக்கீலிடம் சொல்லியிருக்கிறேன்.